எலிக்கூண்டு: நாலு வருஷம், மூன்று ஸ்பிரிங், கணக்கில்லாத மூஞ்சூறு

நேற்றுதான் கூண்டுக்கு ஸ்பிரிங் மாற்றிக்கொண்டு வந்தேன், மூன்றாவது தடவை. அந்த நேரம் பார்த்து மயிலாடுதுறையிலிருந்து சித்தப்பா மகன், "அண்ணே, அந்தக் கம்பிக்கூண்டு எப்படி, வாங்கலாமா?" என்று போன் பண்ணினான். அப்போது பேசியிருந்தால் திட்டித்தான் தீர்த்திருப்பேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டி, கொல்லையைத் தாண்டினால் வயல். சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் தீனி போய்விடும், எலியெல்லாம் நேராக நெல் மூட்டைக்கு வந்துவிடும். வயல் என்றால் தஞ்சாவூர்க் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வைக்கலாம், ஆந்தை வந்து உட்காரக் குச்சி நடலாம். வீட்டுக்குள் இரண்டும் ஆகாது. விஷம் வைக்கப் பயம், குழந்தையும் நாயும் இருக்கிற வீடு.

கூண்டு நல்ல கூண்டுதான், பொய் சொல்லக் கூடாது. புதுச் சாமான் என்றாலே எலிக்குச் சந்தேகம், அதனால் முதல் மூன்று ராத்திரி கதவைத் தூக்கிக் கட்டிவிட்டு உள்ளே சும்மா தீனி மட்டும் வைக்க வேண்டும். நாலாம் நாள் கட்டை அவிழ்த்தால் நிச்சயம் ஒன்று விழும்.

ஆனால் இந்த மூஞ்சூறு இருக்கிறதே! ராத்திரி இரண்டு மணிக்கு டப் என்று கதவு விழும், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினால் கம்பி இடுக்கில் ஒரு நீள மூக்கு ஆடிக்கொண்டிருக்கும், கீச் கீச் என்று சத்தம், கூடம் முழுக்க அந்த நாற்றம். அது எலி இனமே இல்லை, கரப்பானையும் பூச்சியையும் தின்று நமக்கு வேலை செய்கிற பிராணி. அம்மா வேறு, "பிள்ளையார் வாகனம்டா, விட்டுடு" என்பார். விட்டுவிடுவேன், நாற்றம் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைக்கும்வரை எலி ஒன்றும் கிட்ட வராது. கருவாடு, மசால்வடை எது வைத்தாலும் முதல் ஆள் அதுதான். சுட்ட தேங்காய்க்கு மாறிய பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பெருச்சாளிக்கு இது பத்தாது. ஒன்று பாதி உள்ளே நுழைந்து, முதுகில் விழுந்த கதவை அப்படியே தள்ளிக்கொண்டு பின்னால் போய்விட்டது. கதவு விளிம்பில் நாலு முடி மிச்சம், தேங்காயைக் காணோம். முதல் ஸ்பிரிங் போனது அன்றைக்குத்தான்.

கழுவும்போது கையுறை போடுங்கள், எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும்.

வாங்காதே என்றுதான் தம்பியிடம் சொல்லப்போகிறேன். அப்படியானால் உன்னுடையதை ஒரு வாரம் கொடு என்பான். அது மட்டும் நடக்காது, திண்ணை நிறைய மூட்டை, ஸ்பிரிங்கும் புதுசு.