மீன் தொட்டிக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி: ஃப்ளவர்ஹார்ன் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மீன் தொட்டியின் உட்புறப் பின்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டித் தருகிறோம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், குறிப்பாக ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர், ஃபைட்டர் போன்ற தனியாக வளர்க்கும் மீன்களுக்காக அதைச் சொன்னால், ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஒப்புக்கொண்டு, அதற்கென்று தனியாக 1,400 ரூபாயும் கொடுத்தேன். அந்தப் பணம் பின்னர் திரும்பி வந்தது. மீனின் உதட்டில் விழுந்த வடு மட்டும் இன்னும் மறையவில்லை.

வண்ண மீன் வாங்கச் சென்னையில் பெரும்பாலானோர் போவதைப் போல நானும் கொளத்தூர் பக்கம்தான் போனேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில், விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியையும், உள்ளங்கை அளவில் ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீனையும் தேர்ந்தெடுத்திருந்தேன். பின்புறம் ஒட்டக் கறுப்புத் தாள் கேட்டபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பழசு சார். உள்ளயே மிரர் ஒட்டிடுவோம். தொட்டி ரெண்டு மடங்கா தெரியும், மீனும் தனியா இருக்கோம்னு நினைக்காது, மூணே மாசத்துல ஹம்ப்பு எப்படி வருதுன்னு பாருங்க" என்றார். கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டினார். அதில் ஒரு ஃப்ளவர்ஹார்ன் செவுள் மூடிகளை விரித்து, நெற்றி புடைக்க, தன் பிம்பத்தின் முன் நின்றது. ஹம்ப் எனப்படும் அந்த நெற்றிப் புடைப்பின் மீது ஆசை வைக்காத ஃப்ளவர்ஹார்ன் வளர்ப்பாளர் யாரும் இல்லை என்பதால், நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

அந்தக் காணொளியில் இருந்தது பொய் இல்லை, பாதி உண்மை. நாளுக்குச் சில நிமிடங்கள் கண்ணாடியைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவது ஃப்ளவர்ஹார்ன், ஃபைட்டர் வளர்ப்பவர்களிடையே இருக்கும் வழக்கம்தான். நாள் முழுவதும் எடுக்க முடியாதபடி கண்ணாடியைச் சுவராகவே பதித்துவிடுவது முற்றிலும் வேறு. ஃப்ளவர்ஹார்ன் இயற்கையில் உள்ள மீன் அல்ல. 1990-களில் மலேசியாவில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பின மீன் அது. தன் எல்லைக்குள் இன்னொரு மீனைப் பொறுக்காத சிக்லிட் குணம் மட்டும் அதனிடம் அப்படியே இருக்கிறது. உண்மையான இரண்டு மீன்கள் மோதினால், ஒன்று துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு விலகும், சண்டை முடிந்துவிடும். கண்ணாடிக்குள் இருக்கும் எதிரியோ விலகுவதே இல்லை; இது முன்னேறினால் அதுவும் முன்னேறும், இது வாயைத் திறந்தால் அதுவும் திறக்கும். சிக்லிட்கள் மோதலுக்கு முன்பு ஒன்றின் தலைக்கு மற்றொன்றின் வால் வருமாறு பக்கவாட்டில் நின்று தம் உடல் அளவைக் காட்டிக்கொள்வதும் உண்டு. கண்ணாடி முன் அதற்கும் வழியில்லை, பிம்பம் எப்போதும் தலைக்கு நேராகத் தலையைத்தான் வைக்கும். முடிவே இல்லாத ஒரு சண்டையை வீட்டுக் கூடத்தில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

முதல் வாரம் எல்லாமே கடைக்காரர் சொன்னபடி இருந்தது. நிறம் பளிச்சென்று ஏறியது, நெற்றியும் சற்றுத் தூக்கினாற்போல் தெரிந்தது, நான் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு என் மகள் வந்து, "அப்பா, மீன் யாரையோ அடிக்குதுப்பா" என்று எழுப்பினாள். கூடத்தில் விளக்கு அணைந்திருந்தது; தொட்டி விளக்கை அணைக்க மறந்திருந்தேன். டொக், டொக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அருகில் போய்ப் பார்த்தபோது கீழ் உதட்டின் தோல் வெள்ளையாகப் பிய்ந்து நூல் போல் தொங்க, மீன் அந்தப் பிய்ந்த வாயாலேயே கண்ணாடியை மீண்டும் மீண்டும் முட்டிக்கொண்டிருந்தது. அடுத்த சில நாட்களில் அது தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை, நிறம் வெளிறியது, நீரின் மேற்பரப்புக்கு வந்து வேகமாக மூச்சு வாங்கியது. நீரைச் சோதித்ததில், கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவே இருந்தன. குறை நீரில் இல்லை, சுவரில்தான் இருந்தது.

கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "பழகிடும் சார், கொஞ்சம் கல்லுப்பு போடுங்க" என்றார். உப்பையும் போட்டேன். அந்த உப்புதான் அடுத்த வம்பைச் சற்று விரைவுபடுத்தியிருக்க வேண்டும்.

ஏறத்தாழ ஐந்தாம் வாரத்தில் கண்ணாடியின் கீழ் மூலைகளில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. முதலில் பாசி என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தேன்; போகவில்லை, ஏனென்றால் அவை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. பத்து நாட்களில் புள்ளிகள் ஒன்றுகூடி விளிம்பு முழுவதும் கரிய கோடாகப் பரவின. அரிசி உமி அளவில் வெள்ளிச் செதில்கள் உரிந்து ஃபில்டர் பஞ்சில் வந்து ஒட்டின. ரசம் போன கண்ணாடி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது என் மீன் வாழும் நீருக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

இதில் மர்மம் எதுவும் இல்லை; விசாரித்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. முன்பு பாதரசக் கலவை பூசியதால்தான் கண்ணாடியின் பின்பூச்சைத் தமிழில் ரசம் என்கிறோம். இப்போதைய கண்ணாடிகளில் இருப்பது மெல்லிய வெள்ளிப் படலம். அதன் மேல் காப்புப் படலம், பல கண்ணாடிகளில் அது செம்பு. அதற்கும் மேல் சாயப் பூச்சு. இந்த அடுக்குகள் குளியலறை ஈரத்தைத் தாங்கலாம், நீருக்குள் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெட்டிய விளிம்பில் பூச்சு திறந்தே இருப்பதால் நீர் அங்கிருந்துதான் புகும். அதற்கு மேல், தொட்டி ஒட்டப் பயன்படுத்தும் சிலிக்கான் பெரும்பாலும் காயும்போது வினிகர் நெடி அடிக்கும் வகை. வெறும் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்ட அது மிகச் சிறந்தது. ஆனால் அதிலிருந்து வெளிவரும் அசெட்டிக் அமிலம் வெள்ளிப் பூச்சை அரிக்கும் என்பதால், முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்ட அமிலம் வெளியிடாத வேறு வகை சிலிக்கானைத்தான் பயன்படுத்த வேண்டும். நாள்தோறும் தொட்டி ஒட்டுகிறவருக்கு இது தெரியாதென்று சொன்னால் நம்புவது கடினம். செம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: மிகச் சிறிய அளவே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். இதே அமைப்பை இறால் தொட்டிக்குச் செய்துகொண்டவர்கள் இருந்தால் இன்றே கவனிக்க வேண்டும்.

மீனை ஒரு பெரிய டப்பில் காற்றுக்கல்லும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்து மாற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிளேடால் சிலிக்கானை அறுத்துக் கண்ணாடியைப் பெயர்த்தேன். அதற்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே விரல் நுழையாத இடுக்கில் தீனித் துகளும் கழிவும் தேங்கிக் கறுத்த சேறாகி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அந்த இடுக்கை இனி யாரும் சுத்தம் செய்ய முடியாது என்பதை ஒட்டியபோதே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பெயர்த்ததையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பில்லில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "3 அடி தொட்டி, பின் கண்ணாடி 1,400". கடைக்காரர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "பின் கண்ணாடின்னா தொட்டியோட பின்பக்க கிளாஸ் சார். எல்லாத் தொட்டிக்கும் உண்டு. மிரர்னு எங்க எழுதியிருக்கு? இதை நீங்களே ஒட்டியிருப்பீங்க" என்றார். கிளாஸுக்கும் மிரருக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது இப்படியும் ஒருவருக்குப் பயன்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நான்கு பக்கமும் இல்லாமல் பின்பக்கத்துக்கு மட்டும் எதற்குத் தனி விலை என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. கடைசியில் பாதி விலைக்கு வேறொரு மீன் தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து விவரம் கேட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கடை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த "மிரர் ஒட்டியாச்சு சார், நாளைக்கு டெலிவரி" என்ற செய்தியின் நகலை இணைத்து, ஆணையத்துக்குப் போகப் போகிறேன் என்று ஒரு கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பினேன். ஆறாம் நாள் 1,400 ரூபாய் வந்து சேர்ந்தது. மருந்துக்கும் புதிய சிலிக்கானுக்கும் ஆன செலவு வரவில்லை. அந்தச் செய்தியை நான் அழித்திருந்தால் இதுவும் வந்திருக்காது.

இப்போது தொட்டியின் வெளிப்புறத்தில் மங்கலான கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டால் பக்கவாட்டுக் கண்ணாடிகளும் ஓரளவு பிம்பம் காட்டும் என்பதால், இரவில் முதலில் தொட்டி விளக்கைத்தான் அணைக்கிறோம். மூன்று வாரத்தில் மீன் பழையபடி தின்னத் தொடங்கியது. மூடிபோட்ட இரண்டடித் தொட்டி ஒன்றைச் சென்ற மாதம் வேறொரு கடையில் வாங்கினேன். "உள்ளே மிரர் இல்லை, சாதா கிளாஸ்" என்று பில்லில் எழுதச் சொன்னபோது, கல்லாவில் இருந்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தான்.