செயின், லிங்க், டெப்பா: கன்வெர்ட்டர் ஆப்போட ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

மலேசியாவுல பஹாவ் பக்கம் தோட்டங்கள்ல வேலி போடுற, கான் (வடிகால்) வெட்ற கான்ட்ராக்ட் எடுத்து செய்றேன். மீட்டருக்கு மாறச் சொல்லி சட்டம் 1972-லேயே வந்துடுச்சு, ஆனா தோட்ட ஆபீஸ்ல பழைய பிளானை விரிச்சா இன்னும் செயினும் லிங்கும்தான், ஹார்ட்வேர் கடையில போஸ்ட்டு அடிக்கணக்கு, கம்பிவலை மட்டும் மீட்டர்ல வரும், இந்த மூணையும் சேர்த்து வைக்கத்தான் ஹேண்ட்போன்ல ஒரு கன்வெர்ட்டர் ஆப் போட்டேன், இன்னும் அதுலதான் ஓடுது.

செயின் விசயத்துல நல்லாவே இருக்கு. ஒரு செயின்னா 66 அடி, 20.1168 மீட்டர், அதாவது கிரிக்கெட் பிட்ச் நீளம். 1620 வாக்குல எட்மண்ட் கண்டர்னு ஒரு வெள்ளைக்காரர் அதை 100 லிங்கா பிரிச்சு வச்சாரு, அந்த மனுசனுக்கு கும்புடு போடணும், ஏன்னா பிளான்ல 7 செயின் 35 லிங்க்னு இருந்தா நேரா 7.35-னு தட்டினா போதும். 147.86 மீட்டர், அடியில 485. பத்தடிக்கு ஒரு போஸ்ட்னா 50 போஸ்ட் ஏத்திட்டு போயிடலாம், மூலைக்கு முட்டு தனி.

ஒரு இடத்துலதான் கடுப்பு. லிஸ்ட்ல செயின் ரெண்டு இருக்கு, ரெண்டும் பக்கத்து பக்கத்துல, பேரும் பாதி வெட்டுப்பட்டு தெரியும். இன்னொண்ணு ராம்ஸ்டன் செயின், 100 அடி. விரல் அதுமேல பட்டா அதே 7.35 வந்து 224 மீட்டர் ஆயிடும், 76 மீட்டர் வலை சும்மா வாங்கி போட வேண்டியதுதான். இதையெல்லாம் தனித்தனியா வைக்கலாம்ல?

மலாயா சர்வே வரைபடத்துல வர்ற செயின் 20.1167 மீட்டர் சொச்சம், பழைய பிரிட்டிஷ் அடிக் கணக்கு. வேலிக்காரனுக்கு அந்த வித்தியாசம் ஒண்ணுமே இல்ல, எல்லைக்கல் பாக்குற சர்வேயருக்கு அது வேற கதை.

மலாய்க்காரங்க அளவான டெப்பா (கை விரிச்ச அகலம்), ஜெங்கால் (சாண்) ரெண்டும் ஆப்ல கிடையாது. கம்போங் (மலாய் கிராமம்) பக்கம் வேலை வந்தா அங்க இருக்க பாக்சிக், அதான் மலாய்ப் பெரியவர், கையை விரிச்சு அஞ்சு டெப்பான்னுதான் காட்டுவாரு, சுமாரா ஒரு டெப்பா ஆறடி, ஆனா அவர் கை நீளம் யாருக்குத் தெரியும், அதுக்கு டேப்புதான். கூகுள்ல செயின், ஃபாதம் மட்டுமில்ல, 1958-ல அமெரிக்காவுல எம்ஐடி காலேஜ் பசங்க ஒரு மாணவனைப் படுக்க வச்சு பாலத்தை அளந்த ஸ்மூட் கூட இருக்கு, 5 அடி 7 அங்குலம். டெப்பாவையும் சேர்த்தா என்னவாம்?

லேப்டாப் வச்சிருக்கவங்க குனூ யூனிட்ஸ்னு அளவு மாத்துற புரோகிராம் ஒண்ணு இருக்கு, போட்டுப் பாருங்க, அழகெல்லாம் இல்ல, கறுப்புத் திரைதான், ஆனா நம்ம அளவை நாமே எழுதி சேர்த்துக்கலாம். டெப்பா 6 அடின்னு ஒரு வரி போட்டா அப்புறம் அதுவே கணக்கு பாத்துக்கும்.

ஆப்ல விளம்பரம் ரொம்ப, அதை எடுக்க காசு கேக்குது. நான் கட்டல. செம்பனைக்குள்ள போயிட்டா லைனே இருக்காது, விளம்பரமும் வராது, கணக்கு மட்டும் வரும் லா.