கடற்கரை ஊரில் ஜொய்ஸ்டிக் சென்சர்: கரித்தடம், ஹோல், ரி.எம்.ஆர்

திருகோணமலையில் கேம் விளையாடுகிறவர்களின் பொது முறைப்பாடு, ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் நடக்கிறான் என்பதுதான். டிரிஃப்ட் என்ற இந்தக் கோளாறுக்குப் பழி எப்போதும் உப்புக்காற்றின் மேல் விழும். பாதி சரி. மீதியைச் சென்சர்தான் செய்கிறது.

பிளேஸ்டேஷனின் டூயல்ஷொக் 4, டூயல்சென்ஸ், எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர்களில் வழக்கமாக வருவது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது நகர நகரத் தடை மாறும் சென்சர். ஒரு ஸ்டிக்குக்கு இரண்டு: ஒன்று இடம் வலம் பார்க்கும், மற்றது மேல் கீழ். கரித்தடத்தின் மேல் உலோகத் தொடுகை உராய்ந்து நகரும். நடுவில் நிற்கும்போது கொடுத்த வோல்டேஜில் பாதி வெளியே வரும். விரல் பெரும்பாலும் நடுவைச் சுற்றியே அசைவதால் தடமும் அங்கேதான் முதலில் தேயும். தேய்ந்த தூள் தொடுகைக்கடியில் சிக்கினால் ஸ்டிக்கின் நிலையைச் சொல்லும் எண் துள்ளும். 99 வீத ஐசோபுரோபைல் அல்கஹோல் விட்டு ஸ்டிக்கைச் சுழற்றினால் தூள் விலகும், தேய்ந்த தடம் வளராது. கொஞ்ச நாளில் திரும்ப வரும். டபிள்யூ.டி.40 அடிக்க வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கி, கச்சான் காலத்துத் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கழற்ற முன் பிரவுசரில் கேம்பேட் ரெஸ்டரை (கொன்ட்ரோலர் அனுப்பும் எண்களைக் காட்டும் பக்கம்) திறந்து எண்ணைப் பாருங்கள். ஸ்டிக்கை மெதுவாக நகர்த்தும்போது எண் தாவினால் தடம் போய்விட்டது. தாவாமல் ஒரே அளவு விலகி நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கலிபிரேஷன் (நடுவும் ஓரமும் எது என்று கொன்ட்ரோலர் பதிந்து வைத்த அளவு) பிசகியிருக்கும். இந்த இரண்டுக்கும் அல்கஹோல் மருந்தல்ல.

ஹோல் சென்சரில் தண்டோடு சேர்ந்து காந்தம் அசையும், சென்சர் தொடாமல் அதன் புலத்தை அளக்கும். உராய்வு இல்லை, தேய்வும் இல்லை. புதுச் சரக்கு என்று விற்கிறார்கள்; 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கொன்ட்ரோலரிலேயே இது இருந்தது. சிக்கல் ஓரங்களில்தான்: கோணம் கூடும் அளவுக்குச் சமிக்ஞை நேராகக் கூடாது, அதைக் கொன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபேர்ம்வேர் திருத்த வேண்டும். ஹோலுக்கென்றே வடிவமைத்த கொன்ட்ரோலரில் அந்தத் திருத்தம் உள்ளேயே இருக்கும். பழைய டூயல்ஷொக்கில் ஹோல் மொடியூலை (ஸ்டிக்கும் சென்சரும் சேர்ந்த பாகம்) மட்டும் மாற்றினால் இருக்காது. நடு விலகும், மூலைகள் வெட்டுப்படும்.

ரி.எம்.ஆரும் (டனல் மக்னெட்டோரெசிஸ்டன்ஸ்) காந்தம்தான். இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய காப்புப் படலம். புலத்தின் திசை மாற, அதனூடே பாயும் மின்னோட்டத்துக்கான தடை மாறும். ஹார்ட் டிஸ்க்கை வாசிக்கும் தலையிலும் இதே நுட்பம். சமிக்ஞை பெரிது, இரைச்சல் குறைவு, பற்றரியையும் ஹோலைவிடக் குறைவாகவே தின்னும். கையில் இருக்கும் கொன்ட்ரோலரைத் திருத்துவதென்றால் எங்கள் வாக்கு ரி.எம்.ஆருக்கே. புதிதாக வாங்குவதென்றால் நல்ல ஹோல் போதும், ரி.எம்.ஆருக்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

மாற்றும் வேலை லேசானதல்ல. ஒரு மொடியூலுக்கு 14 கால்கள். முழுதாக இழுக்கப் போனால் போர்டின் செப்புத்தடம் கிளம்பிவிடும். பக்கத்தில் இருக்கும் சென்சர் பெட்டிகளைக் கழற்றி, கால்களை வெட்டி, ஒவ்வொன்றாக எடுப்பதே பாதுகாப்பு. பழைய ஒட்டில் ஈயம் கலந்த சோல்டரைச் சேர்த்தால் குறைந்த சூட்டில் உருகும். கிரவுண்ட் கால்கள் சூட்டை இழுக்கும். அவசரப்பட்டால் அங்கேதான் கெடும். பிறகு யூ.எஸ்.பி.யில் செருகி, பிரவுசர் வழிக் கலிபிரேஷனில் முதலில் நடு, அடுத்து முழுச்சுற்று. நிரந்தரமாகச் சேமிக்காவிட்டால் திருத்தம் அழிந்துவிடும். போலி டூயல்ஷொக் 4 பெரும்பாலும் இதை ஏற்காது, ஆகவே மொடியூல் வாங்க முன்பே செருகிப் பார்த்துவிடுங்கள்.

காந்தம் வந்தாலும் ஸ்பிரிங், பிளாஸ்டிக், எல்3 பட்டனின் (ஸ்டிக்கைக் கீழே அழுத்தும்போது வேலை செய்வது) உலோகக் குமிழ் எல்லாம் பழையபடிதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலோரம் கிடக்கும் கொன்ட்ரோலரில் முதலில் மக்கர் பண்ணுவது அந்தக் குமிழாகவே இருக்கும். மாரிக்காலத்தில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஸ்பீக்கர் மேலும் காந்த மூடி போட்ட போனுக்குப் பக்கத்திலும் வைத்து விளையாட வேண்டாம், நடு விலகும்.

கடையில் பெட்டியில் எழுதியதை மட்டும் நம்பாமல் ஸ்டிக்கை நான்கு பக்கமும் தள்ளி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணில் போய் நின்றால் ஸ்பிரிங் மோசம். சென்சர் எதுவானாலும் டெட்ஸோனை, அதாவது நடுவைச் சுற்றி கேம் கணக்கில் எடுக்காத அளவை, கூட்டித்தான் விளையாட வேண்டி வரும்.