ஈ.ஜி.எஃப். எதிர் கே.ஜி.எஃப்.: மலையகத்து ஆய்வகத்துக்கு ஏற்ற வளர்ச்சிக் காரணி

இலங்கை மலையகத்தின் பேராதனையில், வெற்றிலை மெல்லும் தோட்டத் தொழிலாளரின் வாய்நோய்களை ஆராய்வதற்காகக் கன்னத்து உட்தோலை மூடியிருக்கும் மேலணிக் கலங்களை வளர்க்க முற்பட்டபோது, கலங்களைப் பெருகத் தூண்டும் புரதமான வளர்ச்சிக் காரணியில் எதை வாங்குவது என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மேற்றோல் வளர்ச்சிக் காரணியான ஈ.ஜி.எஃப்., கெரற்றினோசைற் (தோலின் மேலணிக் கலம்) வளர்ச்சிக் காரணியான கே.ஜி.எஃப். ஆகிய இரண்டில் முன்னதையே வாங்கினோம்; என் சார்பும் அதன் பக்கமே.

கோட்பாட்டளவில் கே.ஜி.எஃப். மேலானது. 1989இல் இனங்காணப்பட்ட இப்புரதம் வந்து பற்றும் வாங்கி மூலக்கூறு மேலணிக் கலங்களிலேயே இருப்பதால், வளர்ப்புத் தட்டில் களையாக மண்டும் நாரரும்பர்களை (இணைப்பிழையக் கலங்களை) அது தூண்டுவதில்லை. ஈ.ஜி.எஃப். இரண்டையும் தூண்டும், ஆயினும் கல்சியம் குறைந்த, சீரம் (குருதித் தெளிநீர்) சேர்க்காத ஊடகத்தில் அந்தத் தொல்லை பெரிதும் அடங்கிவிடுகிறது.

ஸ்ரான்லி கோஹன் 1962இல் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஈ.ஜி.எஃப்., தோல் கெரற்றினோசைற்றுகளின் வளர்ப்பு ஆயுளை நீட்டுவதை ரைன்வால்டும் கிரீனும் 1977இலேயே காட்டினர். மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் போதும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கூட்டத்தின் விளிம்பிலுள்ள கலங்கள் தட்டையாகி வெளிநோக்கி நகர்ந்து, உள்ளிருப்பவை பிரிவதற்கு இடம்விடுவது தெரியும்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பே. பொதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் காத்துக் கிடந்து, கடுகண்ணாவ ஏற்றம் கடந்து வந்து சேர்வதற்குள் பனிக்கட்டி உருகிவிடுவதுண்டு. பருவமழையில் மின்கம்பிமீது மரம் விழுவது இங்கே புதினமல்ல. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தைத் தொட்டது. 53 அமினோ அமிலங்களை மூன்று இருகந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டிய ஈ.ஜி.எஃப்., உலர்தூளாக இருக்கும்வரை இத்தகைய அலைக்கழிவைத் தாங்கும். கரைத்த பின்னர் அல்புமின் சேர்த்துச் சிறு குழாய்களில் பகிர்ந்து உறையவைத்து, உருகியதை மீண்டும் உறையவைக்காமல் இருந்தால் போதும். இயற்கையான கே.ஜி.எஃப்.போ, கரைசலில் 37 பாகை வெப்பத்திலேயே திரண்டு வீணாகக்கூடியது. அதைக் காக்க ஹெப்பாரின் சேர்க்க வேண்டும், அது இன்னொரு செலவு. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணுக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாலிஃபெர்மின் மருந்தும், நிலைத்தன்மைக்காக முனையிலிருந்து 23 அமினோ அமிலங்கள் நீக்கப்பட்ட கே.ஜி.எஃப்.தான்.

கே.ஜி.எஃப்.பை நான் கையாண்டது குறைவு, அதுவும் வாய்க் கலங்களில் மட்டுமே. குடல் மேலணியோடு வேலைசெய்வோர் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இழைய மாதிரிகள் நாரரும்பர் மிகுந்தே வருமானால், நம்பகமான மின்பிறப்பாக்கியும் கையிலிருந்தால், கூடுதல் விலை கொடுத்து கே.ஜி.எஃப். வாங்குவதில் நியாயம் உண்டு.