மூன்று மணி விழிப்புக்கு எந்த மாத்திரை?

அத்தைக்குச் சரவாங்கி, அதாவது முடக்குவாதம், வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் வருமுன்பே விழித்திருப்பவர் அவர்தான். மூன்று மணிக்கெல்லாம் விரல்கள் விறைத்து, கையை மடக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வலி இருந்தால் தூக்கம் கெடும், அவ்வளவுதானே என்று நான் நினைத்திருந்தேன். கணக்கு மறுபக்கமும் ஓடுகிறது. முடக்குவாதம் உள்ளவர்களைப் பாதி இரவு விழித்திருக்க வைத்ததில் அவர்களுடைய மூட்டுவலி கூடியதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தூங்காத இரவு மறுநாள் வலிக்கு வட்டி சேர்க்கிறது.

தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது தூக்க மாத்திரை. மருந்துக்கடை ஒன்றில் சீட்டே கேட்காமல் அல்பிரசோலம் கொடுத்தார்கள். கொடுக்கக் கூடாது, நாங்களும் வாங்கியிருக்கக் கூடாது. அத்தை ஐந்து மணிவரை அசையவில்லை. எழுந்ததும், “தூங்கினேனா, மயங்கிக் கிடந்தேனா என்று தெரியவில்லை அம்மா” என்றார். விரல் விறைப்பு அப்படியே இருந்தது. தோட்டத்துக் குளியலறைக்குத் தள்ளாடிக்கொண்டே போனதைப் பார்த்த அன்றே எனக்கு அந்த மாத்திரை வேண்டாமென்று ஆகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு தின்று எலும்பு மெலிந்த உடம்பு, ஒரு முறை விழுந்தாலும் இடுப்பெலும்பு போய்விடும். பழகிவிட்டால் நிறுத்துவதும் கடினம். குறட்டையோடு மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து.

வலி மாத்திரை அதைவிட நேர்மையானது. வலியைத்தான் குறைக்கிறது, தூக்கம் தானாக வருகிறது. ஆனால் எந்த மாத்திரை என்பதில் விஷயம் இருக்கிறது. சாதாரண டைக்ளோஃபெனாக்கை இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் விடியற்காலையில் அதன் பலம் தீர்ந்திருக்கும். நேப்ராக்சன் ஏறத்தாழ அரை நாள் தாக்குப்பிடிக்கும். இரண்டும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடியவை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, ஸ்டீராய்டின் நேரத்தை மாற்றுவது. அறிவுக்கு மிகவும் பொருந்துவது இதுதான். முடக்குவாதத்தில் அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள் பின்னிரவில் ஏறுகிறது. அதை அடக்க வேண்டிய கார்டிசால், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு, பிந்தித்தான் வருகிறது. இந்த இடைவெளியைக் குறிவைத்து, இரவு பத்து மணிக்கு விழுங்கினால் நான்கு மணி நேரம் கழித்துத் திறந்துகொள்ளும் பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றைச் செய்தார்கள். 2008இல் வெளியான சோதனையில் காலை விறைப்பு குறைந்தது. அத்தைக்கு எழுதியிருப்பதோ சாதாரண பிரட்னிசோலோன். அதை நாமாக இரவுக்கு மாற்றினால் தூக்கம்தான் பறிபோகும். காலையில் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாத்திரை இல்லாத வழியும் உண்டு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன்னால், தூக்கம் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநடத்தைப் பயிற்சியைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. நல்ல யோசனை. “தூக்கம் வராவிட்டால் படுக்கையைவிட்டு எழுந்துவிடுங்கள்” என்ற அதன் விதியை மட்டும், எழுவதற்கே பத்து நிமிடம் ஆகிற ஆளிடம் எப்படிச் சொல்வது?

எங்களுக்குப் பலித்தது இவற்றில் எதுவுமில்லை. விழித்த மணியை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிவைத்து, ஒரு மாதத் தாள்களையும் மருத்துவரிடம் கொண்டுபோனோம். நோயே இன்னும் அடங்கவில்லை என்று சொல்லி, வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட்டின் அளவைக் கூட்டினார். இரண்டு மாதம் பொறுத்த பிறகு, மூன்று மணி ஐந்தாயிற்று.

படுக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஆயுள் முழுக்கக் கோரைப்பாயில் படுத்தவர் அத்தை. தரையிலிருந்து கையை ஊன்றி எழுவது வீங்கிய மணிக்கட்டுக்குத் தண்டனை. அதனால் பாயைக் கட்டிலுக்கு ஏற்றினோம், கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினோம். முழங்காலுக்கடியில் இரவெல்லாம் தலையணை வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விடச் சொன்னார்கள், மடங்கியபடியே மூட்டு இறுகிவிடுமாம். அந்தத் தலையணை இப்போது பரண்மேல் கிடக்கிறது.