மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை: 28 தவணை வாங்கிய என் கணக்கு

2025 டிசம்பரோடு தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை எனக்கு 28 தவணை வந்துவிட்டது. மொத்தம் 28,000 ரூபாய். ஒவ்வொரு தவணையும் எதற்குப் போனது என்று மகளின் பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். "ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும்" என்கிறார்கள் சிலர். "சும்மா எதுக்குப் பணம் கொடுக்கணும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சையும் டீக்கடையிலும் டிவியிலும் கேட்டுவிட்டேன். வாங்குகிறவளின் கணக்கையும் ஒருமுறை கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருப்பூரில் லைன் வீடு. நான் பனியன் கம்பெனியில் செக்கிங். வேலை இருக்கிற நாளுக்குத்தான் கூலி, சனிக்கிழமை கையில் வரும். கணவர் லோடு தூக்கிக்கொண்டிருந்தவர். இடுப்பில் அடிபட்டதிலிருந்து ஒரு குடோனில் வாட்ச்மேன், மாதம் 9,000. மகள் பிளஸ் டூ, மகன் நாலாம் வகுப்பு, இருவரும் அரசுப் பள்ளி. மாமியாரும் எங்களோடுதான். ஆக மொத்தம் ஐந்து பேர்.

2023 ஜூலையில் ரேஷன் கடையிலிருந்து வீடு தேடி வந்து டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நிலம் இருந்தால் நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கருக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடியிருக்கக் கூடாது, கார் இருக்கக் கூடாது என்று நிறைய நிபந்தனைகள். எங்களுக்கு எதிலும் சிக்கல் இல்லை. முகாமில் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். செப்டம்பரில் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய் போட்டார்கள். 15ஆம் தேதி அண்ணா பிறந்தநாளில் காஞ்சிபுரத்தில் தொடக்க விழா. எங்கள் லைனில் அதற்கு முந்தின நாளே போன்கள் ஒவ்வொன்றாக மெசேஜ் சத்தம் கொடுத்தன. "உனக்கு ஏறிருச்சா, உனக்கு ஏறிருச்சா" என்று ஆளாளுக்கு வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த முதல் ஆயிரம் எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. நான் கொடுத்திருந்தது ஒரு வங்கியில் எப்போதோ திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பழைய பாக்கியெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். ஏடிஎம்மில் 600 ரூபாய்தான் எடுக்க வந்தது. அப்போது பலருக்கும் இப்படி ஆனது. இந்தப் பணத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்று அரசாங்கமே வங்கிகளுக்குச் சொன்னது. நான் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றிக்கொண்டு வந்தேன். போன 400 போனதுதான். அதன்பிறகு இன்றுவரை ஒரு பைசா குறைந்ததில்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன். 28 தவணையில் 12 சிலிண்டருக்கு. 6 குழுக் கடன் வாரத் தவணைக்கு. 4 மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. 4 பிள்ளைகளுக்கு. மீதி 2 எனக்கு.

இந்த 12ஐப் பார்த்தாலே ஆயிரத்தின் அளவு தெரிந்துவிடும். திட்டம் தொடங்கியபோது சென்னையில் சிலிண்டர் 918 ரூபாய் 50 காசு. 2024 மார்ச்சில் நூறு குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் ஐம்பது ஏற்றினார்கள், 2025 டிசம்பரில் 868 ரூபாய் 50 காசு. எங்கள் ஊர் விலையும் அதை ஒட்டித்தான். கொண்டுவந்து போடும் பையனுக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிடும். சிலிண்டர் வரும் மாதம் உரிமைத் தொகை அதோடு முடிந்தது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு 33 ரூபாய், ஆளுக்கு ஆறே முக்கால்கூட வராது. எனவே போதுமா என்றால், போதாது. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

ஆனால் இந்த ஆயிரத்தைத் தனியாக வைத்துப் பேசக் கூடாது என்பதையும் இந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது. ரேஷனில் அரிசி இலவசம், பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. மகனுக்குக் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் பள்ளிக்கூடத்தில். கம்பெனிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போய் வருகிறேன். பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய் கொடுத்த காலத்தை நினைத்தால் மாதம் 500 அங்கேயே மிஞ்சுகிறது. இவையெல்லாம் இருப்பதால்தான் ஆயிரம் ஆயிரமாக நிற்கிறது. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் அது இருந்த இடம் தெரியாது.

அடுத்தது தேதி. சனிக்கிழமைக் கூலியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆர்டர் இருந்தால் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள். என் வருமானத்தில் தேதி போட்டு வருவது இது ஒன்றுதான். 15ஆம் தேதி, பண்டிகை மாதங்களில் அதற்கும் முன்னதாக. மளிகைக்கடை அண்ணன் முன்பெல்லாம் என் கணக்கு 500ஐத் தொட்டாலே முகத்தைப் பார்ப்பார். இப்போது "பதினஞ்சாந்தேதி கொடுங்க அம்மணி" என்று அவரே சொல்கிறார். எனக்குக் கடன் கொடுக்கலாம் என்று ஒருவர் நம்புவதற்கு அந்தத் தேதி போதுமானதாக இருக்கிறது.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது இதை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டேன். அங்கே போகும் ஆர்டர்கள் நின்றன. எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, பிறகு வாரம் நாலு நாள் ஆனது. குழுக் கடன் தவணைக்கு வாரம் 480 கட்ட வேண்டும். கட்டாத வாரம் குழுவில் உள்ள மற்ற பெண்கள் சேர்ந்து போட வேண்டும், அப்புறம் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் ஆயிரம் அப்படியே அங்கே போனது. கடன் அடையவில்லை. ஆனாலும் தவணை தவறவில்லை.

எனக்கென்று எழுதிய அந்த இரண்டு தவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக்கிங் என்றால் டியூப் லைட்டுக்கு அடியில் பீஸை விரித்துப் பிடித்து ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாற்பது வயது தாண்டியதும் எனக்கு வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியாமல் போனது. பீஸைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, தள்ளிப் பிடித்து, பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் "இது சரியா பாரு கண்ணு" என்று கேட்டுக் கேட்டு ஒரு வருடம் ஓட்டினேன். கண்ணாடி போட வேண்டும் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய சம்பளத்திலிருந்து கேட்டால் வாடகையில் துண்டு விழும். 2024 ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, பரிசோதனையோடு சேர்த்து 1,850 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினேன். மறுநாள் முதல் பீஸை விரித்தபோது கழுத்துப் பட்டையில் ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிந்தது. யாரிடமும் கேட்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல் என் உடம்புக்கு நான் செய்த முதல் செலவு அதுதான். இதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது குறைகள். பெரிய குறை, 2023இல் வைத்த ஆயிரம் 2025 முடிகிறபோதும் அதே ஆயிரமாக இருப்பது. வேடசந்தூர்ப் பக்கம் என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அதற்கு அரசு அறிவித்த நாள் கூலி 2023-24இல் 294, அடுத்த வருடம் 319, 2025-26இல் 336. கையில் முழுதாக வருகிறதா என்பது வேறு விஷயம். விலைவாசிக்கு ஏற்ப ஏற்ற வேண்டும் என்ற கணக்காவது அதற்கு இருக்கிறது. அதே அளவில் ஏறியிருந்தால் என் ஆயிரம் 2025-26இல் சுமார் 1,140 ஆகியிருக்கும். அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி வருடத்துக்கு இரண்டு முறை ஏறுகிறது. எங்களுக்கு மட்டும் தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கர்நாடகாவில் கிருஹலட்சுமி திட்டத்தில் 2,000 ரூபாய். பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகள் அதை வாங்குகிறாள். தொகை இரண்டு மடங்கு, ஆனால் அங்கே தவணை தள்ளிப்போன மாதங்கள் உண்டு. 2,000 எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதா, 1,000 தேதி தவறாமல் வருவதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தேதி தவறாமல் 1,500 என்றால் சிலிண்டர் போகவும் ஒரு வாரத் தவணை கட்டலாம். என் நோட்டுப்படி எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மூச்சு விட இடம் கிடைப்பது அங்கேதான்.

இன்னொன்று, கிடைக்காமல் போனவர்கள். எங்கள் லைனில் கடைசி வீட்டு அக்காவுக்கு வரவில்லை. அவருடைய வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஃபைனான்ஸில் எடுத்த வண்டி, மாதா மாதம் டியூ கட்டிவிட்டு மிஞ்சுவதில்தான் சாப்பாடு. நான்கு சக்கர வாகனம் என்று தள்ளிவிட்டார்கள். கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்தார், நடக்கவில்லை. 2025இல் நடந்த முகாமில் மறுபடியும் எழுதிக் கொடுத்தார். டிசம்பர் 12ஆம் தேதி சுமார் 17 லட்சம் பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். நல்ல காரியம், எங்கள் தெருவிலேயே மூன்று பேருக்கு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. ஆசைக்கு வாங்கின காரும் பிழைப்புக்கு ஓட்டுகிற சரக்கு வண்டியும் ஒன்றா? ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி எல்லோரும் போனைப் பார்க்கும் நேரத்தில் அவர் மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறார். எனக்கு அது தாங்கவில்லை.

2026 ஜூனில் மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கும் மாதம் ஆயிரம் வரும். அதற்காகப் போன வாரம் அவள் பெயரில் கணக்குத் திறந்தோம். கையெழுத்துப் போடும் முன் நானே மேனேஜரிடம் போய், "சார், இது ஜீரோ பேலன்ஸ்தானே?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.