ஈறுக்குள் வைக்கிற சிப்: ஏழு என்றார்கள், மூன்றோடு முடிந்தது

கும்பகோணத்தில் ஜென்ட்ஸ் டெய்லர் கடை வைத்து 31 வருஷம் ஆகிறது. கத்தரி கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலைப் பல்லால் கடித்துத்தான் பழக்கம். அதனால்தான் ஈறில் ரத்தம் வருகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடித்ததில் முன்பல் விளிம்பு பள்ளமானது உண்மைதான். ஈறு கெட்டதற்குக் காரணம் பல்லின் அடியில் கல்லாகிப்போன அழுக்கும், கட்டுக்கு வராத சர்க்கரையும் என்று டாக்டரம்மா சொன்னார்.

நான் போனது வேறு வேலையாக. இடது கீழ்க் கடைவாயில் ஒரு பல் இல்லை, அங்கே இம்ப்ளான்ட் வைக்கணும், அதாவது எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் பல் கட்டுவது. அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "முதலில் ஈறு, அப்புறம்தான் திருகு சார்" என்றார். அதற்கு முன் போன ஒரு இடத்தில் ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அட்வான்ஸ் கேட்டிருந்தார்கள். அதனால் இவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு அளந்தார். அந்த இடைவெளிக்கு அவர்கள் மொழியில் 'பாக்கெட்' என்றே பெயர். அவர் "மூணு, மூணு, அஞ்சு, ஆறு" என்று சொல்லச் சொல்ல உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டார். கடையில் நான் இடுப்பு அளவு சொல்ல, பையன் நோட்டில் எழுதுவது மாதிரியே இருந்தது. கம்பியில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று கோடுகள். 4-ம் இல்லை, 6-ம் இல்லை. கழுத்தில் டேப்போடு திரிகிறவன் இதை விடுவேனா? கேட்டேன். வில்லியம்ஸ் ப்ரோப் என்று பெயராம், கோடுகள் நெருங்கியிருந்தால் கண் தடுமாறும் என்று அந்த இரண்டையும் விட்டுத்தான் செய்கிறார்களாம். நல்ல ஈறில் 3 மி.மீ. வரை ஆழம் இருக்கலாம். எனக்கு ஏழு இடங்களில் 5-ம் அதற்கு மேலும்.

அங்கேதான் சிப் பேச்சு வந்தது. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிக்கொல்லி 2.5 மில்லிகிராம், 4க்கு 5 மி.மீ. அளவுள்ள ஒரு துண்டுத் தகட்டில் ஏற்றப்பட்டிருக்கும். அதை பாக்கெட்டுக்குள் செருகிவிட்டால் தானே கரையும். அதே மருந்துதானே மவுத்வாஷிலும் இருக்கிறது, கொப்பளித்தால் போதாதா என்றேன். கொப்பளிக்கிற தண்ணீர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. இறங்கினாலும் ஈறிலிருந்து ஊறி வருகிற நீர் ஒரு மணி நேரத்தில் 40 தடவை போல அந்த இடத்தைக் கழுவித் தள்ளிவிடும். சிப் என்றால் முதல் நாளே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மருந்தை விட்டு, மிச்சத்தை ஒரு வாரம் போலக் கசியவிடும். பி.ஃபார்ம் படிக்கிற என் மகள் இதைக் கேட்டுவிட்டு, இந்த சிப்புக்கு முந்தைய தலைமுறைச் சரக்கு ஒன்றைப் பற்றிச் சொன்னாள். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றிய நூலாம், 23 செ.மீ. நீளம், அரை மி.மீ. கனம். பல்லைச் சுற்றி அடுக்கடுக்காகத் திணித்து, பசை போட்டு ஒட்டி, 10 நாள் கழித்து உருவி எடுக்க வேண்டுமாம். நூல்காரனான நானே அதற்கு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சரி, வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவன், எதில் செய்தது என்று கேட்டேன். "மீன் கொலாஜன் சார், மீன்ல இருந்து எடுக்கிற புரதம்." நான் அப்போது மாலை போட்டிருந்தேன். கார்த்திகை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சொன்னதும் சிரித்துவிட்டு, "அவசரமே இல்லை, இப்போ சுத்தம் மட்டும் செய்வோம், மலைக்குப் போயிட்டு வாங்க, திரும்ப அளந்து பார்த்து வைப்போம்" என்றார். மரக்க ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுரண்டி எடுத்தார்கள், இரண்டு நாள் வேலை. கூச்சம் ஒரு வாரம் இருந்தது. மாலை போட்ட நாளிலிருந்து வெற்றிலையும் கிடையாது. ராத்திரி பல் தேய்க்காமல் படுக்கவில்லை.

மகரஜோதி முடிந்து போய் அளந்தால், ஏழில் நாலு இடம் தானாகவே 4-க்கும் கீழே இறங்கியிருந்தது! மூன்றுதான் பாக்கி. ஒரு சிப் 900 ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே ஏழும் வைத்திருந்தால், எல்லாம் சிப்பின் மகிமை என்றுதான் இங்கே எழுதியிருப்பேன். ஆகவே போகிறவர்களுக்கு நான் சொல்வது: சுத்தம் செய்த அன்றைக்கே சிப்புக்குத் தலையாட்ட வேண்டாம். ஆறு வாரம் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

வைக்கிறபோது வலி இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய கைவேலை. பஞ்சால் இடத்தை உலர்த்தி, சாமணத்தால் பிடித்து ஒரே தள்ளில் உள்ளே விட வேண்டும். எச்சில் பட்டால் தகடு துவண்டுவிடும், கஞ்சி போடாத கேன்வாஸ் மாதிரி. ஒன்று பாதியில் மடங்கிவிட்டது, எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. வேர்க்கடலைத் தோல் பல்லில் மாட்டியது போல இரண்டு நாள் உறுத்தல், லேசான கசப்பு. 10 நாள் அந்த இடத்தில் இடுக்கு பிரஷ் விடக்கூடாது.

மூன்று மாதம் கழித்து: இரண்டு இடங்களில் 6 மி.மீ. 4 ஆனது. மேல் கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரிகிற இடத்தில் 7 இருந்தது 6-ல் நிற்கிறது. அங்கே எந்தக் கருவியும் சரியாக நுழையாது என்று வைப்பதற்கு முன்பே சொல்லியிருந்தார், அதனால் குறை சொல்ல மாட்டேன். மகள் வேறு ஒரு கணக்கைக் காட்டினாள். இதே மருந்தை ஜெலட்டினில் வைத்துச் செய்த சிப்பை அமெரிக்காவில் சோதித்து 1998-ல் வெளியிட்ட கணக்கு அது. ஒன்பது மாதத்தில் சுத்தம் மட்டும் செய்தவர்களுக்கு சராசரியாக 0.65 மி.மீ. குறைந்தது, சிப்பும் சேர்ந்தவர்களுக்கு 0.95. வித்தியாசம் 0.3 மி.மீ., என் கடைத் தையல் நூலின் கனம். சராசரி அவ்வளவுதான். ஒட்டாத இடத்துக்கு ஒரு கை கொடுக்கும், சுத்தம் செய்ததற்குப் பதிலாக நிற்காது.

இம்ப்ளான்ட் சித்திரையில் நடந்தது. 4 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீள டைட்டானியம் திருகு. எலும்பு சூடானால் கருகிவிடும் என்று குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே மெதுவாகத் துளை போட்டார். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்று கண்டுபிடித்தவர் ஸ்வீடனின் பிரோனேமார்க். 1965-ல் முதல் ஆளுக்கு வைத்தாராம். எனக்கு மூன்று மாதம் கழித்துத் திருகின் மேல் பல் வடிவத் தொப்பி மாட்டினார்கள். முறுக்கு கடிக்கிறேன். ஆனால் சோற்றில் கல் கிடந்தால் அந்தப் பக்கம் சட்டென்று தெரிவதில்லை. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கிற நார் இதற்குக் கிடையாது. ஈறும் பல்லைப் பிடிப்பது போலத் திருகை இறுக்கிப் பிடிக்காது, அழுக்குச் சேர்ந்தால் எலும்பு சீக்கிரம் கரையும். திருகின் மேல் நுண்ணிய குழாய்கள் வளர்த்து அதில் மருந்து நிரப்புகிற ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறது என்றாள் மகள். வரட்டும், எனக்கு இப்போதைக்கு இடுக்கு பிரஷ்தான்.

குறை என்றால், சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கணும், பில்லில் எதற்கு எவ்வளவு என்று கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். மேலே அந்த 6 மி.மீ. இடத்தை அடுத்த மாதம் திரும்ப அளக்கிறார்கள். குறையவில்லை என்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யணுமாம். இன்னொரு சிப் அங்கே வீண் என்று அவரே சொல்லிவிட்டார்.